ஐந்தாவது படம்

தலையணையின் ஒரு முனையை நாடிக்கும் நெஞ்சுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு கண்ணகை உறை மாற்றிக்கொண்டிருந்தபோதுதான் போன் அடித்தது. புதிய இலக்கம். தலையணையைக் கட்டிலில் போட்டுவிட்டு எடுத்தாள்.

"கல்குடாவில ரூம் குடுக்கிற இடமா?" ஆண் குரல். நிதானமான குரல்.

"ஓம், சொல்லுங்க."

"உங்கட வெப்சைட்டப் பாத்துத்தான் எடுக்கிறன்" என்றவர், சற்று நிறுத்திச் சிரித்தார். "பாத்து எண்டு சும்மா சொல்றன். கேட்டு. எனக்குக் கண் தெரியா. போன் வாசிச்சுக் காட்டும்."

வெப்சைட்டைப் போட்டுப் பத்தொன்பது நாளாகிறது. அதைப் பார்த்து வந்த முதல் அழைப்பு இதுதான். மேசன் வேலை செய்யும் புருசன் ஜெயரூபன், வீட்டோடு சேர்த்துத் தன் கையாலேயே கட்டிய இரண்டு அறைகளும் ஆள் வராமல் கிடந்தன. அதனால்தான் அவள் வாழைச்சேனையில் சனிக்கிழமைகளில் நடந்த வெப்சைட் வகுப்புக்குப் போனாள். ஓட்டமாவடியிலிருந்து வந்து படிப்பித்த முப்லிஹா சொன்னதையெல்லாம் கொப்பியில் எழுதிக்கொண்டாள். மூன்று நிறத்துக்கு மேல் வேண்டாம். போன் இலக்கம் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கவேண்டும். பெரிய படங்களைச் சுருக்கிப் போடாவிட்டால் பக்கம் திறக்குமுன் வந்தவர் போய்விடுவார். பாஸ்வேட் கேட்டால், கொடுக்குமுன் மேலே உள்ள முகவரியை எழுத்தெழுத்தாகப் பார். கண்ணகை முதலில் செய்த பக்கத்தில் பச்சைப் பின்னணியில் சிவப்பு எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. "அக்கா, இத வாசிக்கிறவருக்குத் தலை சுத்தும்" என்று முப்லிஹா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். படம் ஏற்றும்போது ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு கட்டம் வரும், அதில் படத்தில் இருப்பதைச் சொல்லால் எழுதவேண்டும் என்றும் சொல்லியிருந்தாள். அந்தக் கட்டத்தில் எழுதுவது பக்கத்தில் தெரிவதில்லை. தெரியாத ஒன்றுக்கு என்னத்துக்கு மெனக்கெடவேண்டும் என்று கண்ணகை எல்லாவற்றையும் வெறுமையாக விட்டுவிட்டாள்.

"அஞ்சு படம் இருக்கு" என்றார் அவர். "ஆனா என்ர போன், படம், ஐஎம்ஜி நாலு நாலு ரெண்டு ஏழு எண்டு நம்பரைத்தான் வாசிக்குது. அதுகளில என்ன இருக்கெண்டு ஒருக்காச் சொல்லுவீங்களா?"

அவர் பெயர் சதீசன். ஊர் பழுகாமம். மனைவி அஜந்தாவைக் கல்யாணம் செய்து பதினொரு வருடம். எங்கே போவதென்றாலும் அவள்தான் விசாரித்து, அவள்தான் கைபிடித்துக் கூட்டிப்போவாள். "இந்த முறை நான் கூட்டிப்போறன். அவவுக்குச் சொல்லேல்ல. அதால படத்த அவவிட்டயும் கேக்கேலாது, பாருங்க."

கண்ணகை சொல்லத் தொடங்கினாள். முதலாவது, இரண்டு கட்டில் போட்ட அறை. இரண்டாவது, குளியலறை. மூன்றாவது, அவள் சமைத்த சோறும் இறால் கறியும். நான்காவது, முன்கதவு. ஐந்தாவதுக்கு வந்ததும் தலையணையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

ஐந்தாவது அவளுடையதல்ல. இன்டர்நெட்டில் எங்கிருந்தோ எடுத்தது. வெள்ளை மணல், சாய்ந்த இரண்டு தென்னை, நடுவில் கயிற்று ஊஞ்சல். மற்றவர்களின் படத்தை எடுக்கக் கூடாதென்று முப்லிஹா சொன்னது நினைவிருந்தும், வகுப்புகள் முடிந்த அடுத்த நாளே அதைப் போட்டாள். வீட்டுக்கு முன்னால் இருந்த துருப்பிடித்த கம்பிவேலியை யார் காசு கொடுத்துப் பார்க்க வருவார்கள்?

இவருக்குத் தென்னையையும் ஊஞ்சலையும் சொல்லிவிடலாம். இவர் பார்க்கப்போவதில்லை. ஆனால் அஜந்தா பார்ப்பாள். பஸ்ஸால் இறங்கி, புருசனின் கையைப் பிடித்தபடி நின்று, அவர் சொன்ன ஊஞ்சலைத் தேடுவாள். அவர் மனம் நோகும் என்று, இருக்கிறது என்றுகூடச் சொல்லிவிடுவாள்.

"அண்ணன், கோவிக்காதீங்க. அஞ்சாவது படம் எங்கட இடமில்ல. வடிவா இருந்திச்செண்டு எடுத்துப் போட்டுட்டன். எங்கட வாசலில கம்பிவேலிதான் இருக்கு."

வைத்துவிட்டாரோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். இல்லை.

"அப்ப அந்த வேலியச் சொல்லுங்க" என்றார்.

போனோடு வெளியே வந்தாள். வேலி துருப்பிடித்தது. ஒரு பக்கம் வலை காயப்போட்டிருக்கிறது. அங்கால மூன்று தோணி. அதற்கங்கால கடல்.

"கடல் எப்பிடி?"

"கடல்... கடல் மாதிரித்தான்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "பதினெட்டு வயசு மட்டும் கண் தெரிஞ்ச ஆள் நான். நிறத்தச் சொன்னா விளங்கும்."

கண்ணகை பார்த்தாள். நாற்பத்திரண்டு வருடமாகப் பக்கத்திலேயே கிடந்த கடல். "கரையோரம் அரிசி கழுவின தண்ணியில கொஞ்சம் பச்சை விட்ட மாதிரி. அங்கால போகப்போக நீலம். தூரத்தில ஒரு கோடு, அது கறுப்பெண்டே சொல்லலாம்."

"ம்" என்றார் அவர். "யோசிச்சுப்போட்டு எடுக்கிறன்."

முப்லிஹாவுக்கு அழைத்து நடந்ததைச் சொன்னாள்.

"அந்தக் கட்டம் கண் தெரியாதவங்களுக்குத்தான் அக்கா, அதத்தான் போன் வாசிக்கும். சொல்லித் தந்தன்தானே."

"ஆருக்கும் தெரியாத கட்டமெண்டு நினைச்சிட்டன் தங்கச்சி."

தென்னையும் ஊஞ்சலும் அன்றைக்கே போயின. வேலியையும் கடலையும் அவளே படம் பிடித்துப் போட்டாள். கட்டங்களில் எழுதத்தான் மூன்று நாள் பிடித்தது. 'அழகான அறை' என்று எழுதினாள். அழகான என்றால் அவருக்கு என்ன விளங்கும் என்று அழித்தாள். கதவிலிருந்து கட்டிலுக்கு எத்தனை காலடி, குளியலறையின் படி எவ்வளவு உயரம், யன்னல் எந்தப் பக்கம் என்று நடந்து நடந்து எழுதினாள். சாந்து குழைத்த கையோடு வந்த ஜெயரூபன், அறைக்குள் எண்ணிக்கொண்டு நடந்தவளை வாசலில் நின்று பார்த்தான். "நான் கட்டேக்கையும் இவ்வளவு அளக்கேல்ல" என்றான்.

ஐந்தாம் நாள் காலையில் சதீசன் போன் எடுத்தார். வருவதாகவும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை.

"கொஞ்சம் கேளுங்க" என்றவர், வாசிக்கும் போனை, பேசிக்கொண்டிருந்த மற்றப் போனுக்குப் பக்கத்தில் பிடித்திருப்பார் போல. ஒரு பெண்குரல் ஏற்ற இறக்கமில்லாமல் வாசித்தது. உயிரில்லாத குரல்தான். ஆனால் சொற்கள் அவளுடையவை. 'வாசலில் கம்பிவேலி. துருப்பிடித்தது. பிடித்தால் கையில் ஒட்டும். வேலியில் வலை காய்கிறது. அங்கால மூன்று தோணிகள்.'

கண்ணகை வேலியோரம் போய் நின்றாள். இரண்டு தோணிதான் கிடந்தன. மூன்றாவதை நாலு பேர் தோள் கொடுத்துத் தண்ணீருக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அதன் மூக்கு முதல் அலையில் ஏறி, இறங்கி, மறுபடி ஏறியது.

"அண்ணன், பொறுங்க, பொறுங்க" என்றாள். "இப்ப ஒண்டு போகுது."