பிறந்த வீட்டுக் கோடி

மூன்று மணிக்கு எடுப்பதாக முடிவாகியிருந்தது. அன்புமணி ஒன்றரைக்கே வந்துவிட்டான். சிதம்பரத்தில் சொல்லிச் செய்த வெள்ளைப் பூ வளையத்தைக் கண்ணாடிப் பெட்டியின் மேல் வைத்தான். உள்ளே அக்காவின் கணவர் தேவநாதன். நேற்று மாலை முதுநகர்ப் பட்டறையில் லாரிக்கு அடியிலிருந்து எழுந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான்.

அன்புமணி கறுப்புச் சட்டை போட்டிருந்தான். டென்மார்க்கில் பதினான்கு வருடம் இருந்தவன். அங்கே சாவுக்கு அப்படித்தான் போவார்கள்.

“கட்சியிலேர்ந்து வந்திருக்காரா?” என்று பந்தலில் ஒருவர் கேட்டார்.

“மச்சான்யா. தமிழ்ச்செல்வி தம்பி. அண்ணாமலை நகர்ல வேலைக்கு வந்து எட்டு மாசம் ஆவுது,” என்றார் தேவநாதனின் அண்ணன் கோவிந்தசாமி.

அக்கா அவனைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் நீட்டினாள். பிடித்துக்கொண்டு சற்று நின்றான். பிறகு வெளியே வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தான். அவளைத் தனியாக விடுவதுதான் மரியாதை என்று நினைத்தான். உள்ளே இருபது பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

மூன்றாயிற்று. வண்டி வந்து நின்றது. யாரும் எழுந்திருக்கவில்லை. கோவிந்தசாமி அவன் அருகே வந்து குனிந்தார்.

“மச்சான், கோடிய எடு. நேரம் ஆவுது.”

“என்ன கோடி?”

பந்தலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“பொறந்த வூட்டு கோடி. ஒங்க அக்காவுக்கு. நீ போத்தாம எப்பிடித் தூக்குறது?”

அப்போதுதான் அந்தச் சொல் அவனுக்குத் திரும்பி வந்தது. கணவனை எடுக்கும் முன் பிறந்த வீட்டார் அவளுக்குப் போர்த்தும் புதுப்புடவை. அப்பாவும் அம்மாவும் இல்லை. பிறந்த வீடு என்று அவளுக்கு இருப்பது அவன் ஒருவன்தான்.

“அஞ்சு நிமிஷம். வாங்கிட்டு வந்துடறேன்.”

“ஆன்லைன்ல போடேன்பா, நாளைக்கு வந்துடும்,” என்றது ஒரு குரல். யாரோ சிரித்து, அதை இருமலாக்கினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை. முதுநகரில் பார்த்த இரண்டு கடைகளும் பூட்டியிருந்தன. ஆட்டோவில் திருப்பாதிரிப்புலியூருக்குப் போனான்.

விமானங்கள் நின்றிருந்த வருடத்தில் அப்பா இறந்தார். அக்காதான் எல்லாவற்றையும் போனில் காட்டினாள். அவன் போனைக் காப்பிக் கோப்பையில் சாய்த்து வைத்தான். அப்பாவின் தலையில் தண்ணீர் ஊற்றியபோது சத்தத்தை அணைத்துப் போனைக் கவிழ்த்தான். ஜன்னல் வழியே கீழே நின்ற சைக்கிள்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு மணி நேரம் கழித்து, ‘பாத்தேன்க்கா’ என்று செய்தி அனுப்பினான்.

பையோடு திரும்பியபோது மணி நான்கு. தெரு நெடுகச் சாமந்திப் பூ சிதறிக் கிடந்தது. வண்டி போய்விட்டது. அவன் கொண்டுவந்த வளையம் ஒரு நாற்காலியில் கிடந்தது.

பக்கத்து வீட்டு ஜோதி மேரி வாசலைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“கோச்சிக்காதீங்க தம்பி. இதுக்கு மேல வச்சிருக்கக் கூடாதுன்னுட்டாங்க. கிறிஸ்மஸுக்குன்னு எடுத்து வச்ச பொடவ ஒண்ணு இருந்திச்சி. எங்க வூட்டுக்காரரு அக்கா அக்கான்னுதான கூப்புடுவாரு, அவரே போத்திட்டாரு. சுடுகாட்டுக்கும் போயிருக்காரு.”

வாளியைத் தூக்கி மிச்சத் தண்ணீரை ஊற்றினாள். அவன் ஒதுங்கி நின்று, பிறகு உள்ளே போனான்.

அக்கா குளித்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. போர்த்திய பச்சைப் புடவை மடியில் இருந்தது. அவன் பையை அவள் பக்கத்தில் வைத்தான். அவள் அதைத் தொடவில்லை.

“அப்பாவுக்கு ரெண்டு மணி நேரம் கையி கடுக்கப் போனப் புடிச்சிக்கிட்டு நின்னேன்டா. தாய்மாமா அம்மாவுக்குக் கோடி போத்துனப்ப, நீ பாக்கணும்னு கிட்டக் கொண்டுபோயிக் காட்டுனேன். பாத்தேன்னு சொன்னியே அன்பு, பாத்தியா?”