பஸ் ஸ்டாப்பில் சுகாசினியின் படம்

“ப்ளஸ் டூ முடிச்சு நாலு வருஷம் ஆகுதே, இவ்வளவு நாளா என்னம்மா பண்ணே?” என்று கேட்டார் இளங்கோவன். ஒரகடம் பக்கத்தில் செல்போன் பாகங்கள் செய்யும் அந்தத் தொழிற்சாலைக்கு ஆளெடுப்பவர் அவர்.

“வீட்லதான் சார் இருந்தேன். அம்மாவுக்கு ஒடம்பு சரியில்ல” என்றாள் சுகாசினி.

அம்மா இந்திராணியின் உடம்புக்கு ஒன்றுமில்லை. சுகாசினி வீட்டிலும் இருக்கவில்லை. காஞ்சிபுரத்தில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் படித்து முடித்திருந்தாள். அதைச் சொன்னால் வேலை கிடைக்காது என்று, அவளைக் கூட்டிவந்த திரிஷா பஸ்ஸிலேயே எச்சரித்திருந்தாள்.

“டிகிரின்னா எடுக்க மாட்டாங்கடி. வேற வேல கெடச்சா ஓடிருவாங்க, இல்லாட்டி உள்ள இருந்துக்கினு நியாயம் பேசுவாங்கன்னு பயம். நீ ப்ளஸ் டூன்னே சொல்லு. எனக்குத் தெரிஞ்ச பொண்ணுன்னு நான் சொல்லிக்கிறேன்.”

இருவருக்கும் தாமல் காலனியில் அடுத்தடுத்த வீடு. ஒரே பெஞ்சில் ப்ளஸ் டூ முடித்தவர்கள். திரிஷா அந்த வருடமே கம்பெனி பஸ் ஏறிவிட்டாள். சுகாசினி கல்லூரிக்குப் போனாள் என்றால், அது அவள் அப்பா ராமராஜனின் பிடிவாதம்.

ராமராஜன் காஞ்சிபுரத்தில் ஒரு மைக் செட் கடையில் வேலை பார்த்தார். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், கருட சேவை என்று எங்கே விசேஷமோ அங்கே கம்பத்தில் ஏறி ஸ்பீக்கர் கட்டுவார். மேடையில் பேசுகிறவர்களை வயரைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றே கேட்டவர். “மைக்கப் புடிக்கிறவன்லாம் பேருக்குப் பின்னால ரெண்டு எழுத்து வெச்சிருக்கான்மா. நம்ம வீட்லயும் ஒரு ஆளு அப்படி இருக்கணும்” என்பார்.

கல்லூரி சுகாசினியை முதலில் மிரட்டத்தான் செய்தது. பாடம் முழுக்க ஆங்கிலத்தில். காதில் விழுந்ததை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டு வந்து பஸ்ஸில் உட்கார்ந்து பொருள் தேடுவாள். முதல் செமஸ்டரில் ஆங்கிலத் தாளில் அரியர் விழுந்தது. அன்றைக்கு அழுதாள். அடுத்த முறை எழுதித் தேறினாள். இரண்டாம் வருடத்தில் லேப் அவளைப் பிடித்துக்கொண்டது. பியூரெட் என்ற கண்ணாடிக் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே வர, ஏதோ ஒரு சொட்டில் குடுவை முழுக்க இளஞ்சிவப்பாகிவிடும். அந்தச் சொட்டோடு நிறுத்த அவள் கைக்குத் தெரிந்திருந்தது. மற்றவர்கள் குடுவையில் அடர்சிவப்பு வந்து நிற்கும்போது அவள் குடுவையில் வெளிர் ரோஜா நிறம். பேராசிரியர் வகுப்பையே கூப்பிட்டுக் காட்டினார். கடைசியில் முடிவு வந்தபோது பல்கலைக்கழகத்திலேயே மூன்றாவது இடம்.

அதன்பிறகுதான் சிரமம் ஆரம்பித்தது. மருந்துக் கம்பெனியில் அனுபவம் கேட்டார்கள். பள்ளிக்கூடத்தில் பி.எட். கேட்டார்கள். அரசுத் தேர்வு எழுதினாள், கைக்கு வரவில்லை. ஒரு வருடம் வீட்டில் உட்கார்ந்து, அம்மாவோடு சேர்ந்து ஒரு தறிக்காரருக்குப் பட்டு நூல் சுற்றிக் கொடுத்தாள். ராமராஜன் ஒன்றும் கேட்கவில்லை. அவர் கேட்காமல் இருந்ததுதான் அவளால் தாங்க முடியவில்லை. திரிஷாவிடம் போய் நின்றாள்.

வேலை கிடைத்தது. வீட்டில் மட்டும் உண்மையைச் சொல்லவில்லை. “லேப்ல போட்டிருக்காங்கப்பா. டெஸ்ட் பண்ற வேல” என்றாள். உள்ளே போனால் தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடை, முகமூடி. நின்றுகொண்டே, ஓடி வரும் பட்டையில் வருகிற தகட்டில் திருகாணி முடுக்க வேண்டும். பக்கத்தில் திரிஷாவும் அதையே செய்வாள். வேலையை சுகாசினி வெறுக்கவில்லை. மாதம் தவறாமல் சம்பளம் வந்தது. அம்மாவுக்கு நூல் சுற்றுவது குறைந்தது. ராமராஜன் மைக் கட்டப் போன இடமெல்லாம் “பொண்ணு லேப்ல இருக்குது” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பட்டமளிப்பு விழா வெகுநாள் கழித்து வந்தது. வயிற்றுவலி என்று கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு மூவரும் போனார்கள். ராமராஜன் புதிதாக ஒரு வெள்ளைச் சட்டை தைத்திருந்தார். கறுப்பு அங்கியில் மகள் மேடையேறியபோது அவர் கண்ணை மூடிக்கொண்டார். வெளியே வந்ததும், “எவன் அந்த மைக்க செட் பண்ணானோ, ஒரே கீச்சு கீச்சுன்னு இருக்குது. ஆனா ஒம் பேர சொல்லும்போது மட்டும் நல்லா கேட்டுதுமா” என்றார். சுகாசினி சிரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அப்படிச் சிரித்தாள்.

அதற்கடுத்த திங்கட்கிழமை, காலை ஷிப்டுக்கு பஸ் ஏற நெடுஞ்சாலைக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பஸ் ஸ்டாப்பில் ஆளுயர ஃபிளெக்ஸ். கறுப்பு அங்கியில் அவள். ‘தாமல் காலனியின் பெருமை, ஆர். சுகாசினி பி.எஸ்சி., பல்கலைக்கழகத்தில் மூன்றாம் இடம்.’ கீழே அப்பா, அம்மா பெயர்கள். அந்த இடத்தில் இதுவரை கட்சித் தலைவர்களும், ஊர்க்காரர்களின் காதுகுத்தும் கண்ணீர் அஞ்சலியும்தான் நின்றிருக்கின்றன. காலனிப் பிள்ளையின் படம் ஏறியது அதுதான் முதல் தடவை.

“இன்னாடி இது?” என்றாள் திரிஷா. அவள் முகம் வெளுத்திருந்தது.

பஸ்ஸில் இருந்த பெண்கள் ஜன்னலில் எட்டிப் பார்த்துக் கைதட்டினார்கள். ஆளாளுக்குப் படம் எடுத்தார்கள். “யார்க்கும் அனுப்பாதீங்கக்கா, ப்ளீஸ்” என்று சுகாசினி ஒவ்வொருவரிடமும் கெஞ்சினாள். அடக்கத்தில் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள். பஸ்ஸிலிருந்தே அப்பாவுக்குப் போன் போட்டாள்.

“அப்பா, அந்த பேனர எடுத்துருப்பா.”

“ஏம்மா? ஊர்க்காரங்க எவனாவது எதுனா சொன்னானா?”

“அதெல்லாம் இல்லப்பா.”

“எவன் சொன்னா இன்னா? நீ பயப்படாத. நான் அங்கயே வந்து நின்னுக்கறேன், எவன் கை வெக்கிறான்னு பாக்கறேன்.”

லேப் என்று சொன்ன பொய்யை அவிழ்க்காமல் இதை எப்படிச் சொல்வது? போனை வைத்துவிட்டாள்.

யாரோ ஒருத்தி பிரியத்தில் ‘எங்க லைன் சுகா’ என்று எழுதிப் படத்தை வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். அது சுற்றிச் சுற்றி மேலே போய்ச் சேர்ந்தது. மறுநாள் இளங்கோவன் அவளைக் கூப்பிட்டார். செல்போனில் இருந்த படத்தை அவள் பக்கம் திருப்பினார்.

“இது நீதானே?”

“ஆமா சார்.”

“இவ்ளோ மார்க் வாங்கிட்டு ஏம்மா இங்க வந்து பொய் சொல்லி ஸ்க்ரூ முடுக்கறே?”

“வேற எங்கயும் எடுக்கல சார்.”

அவர் செல்போனை மேசையில் கவிழ்த்து வைத்தார். “உண்மைய மறைச்சு சேந்தா வெளிய அனுப்பிடணும்னு இருக்கு. நான் விட்டாலும் மேல விட மாட்டாங்க. உன்ன கூட்டிட்டு வந்த பொண்ணுக்கும் வார்னிங் போட்டிருக்கு.”

அன்றைக்கு பஸ்ஸில் திரிஷா அவள் பக்கத்தில் உட்காரவில்லை. இறங்கும்போது மட்டும், “உங்கப்பாவுக்கு ஒரு நாளு பொறுக்க முடிலயாடி?” என்று கேட்டுவிட்டு முன்னால் நடந்துவிட்டாள்.

வீட்டில் லீவு என்று சொல்லிவைத்தாள். அது நிற்கவில்லை. தண்ணீர்க் குழாயடியில் திரிஷாவின் அம்மா லோகாம்பாள் இந்திராணியைப் பிடித்துக்கொண்டாள். “ப்ளஸ் டூன்னு பொய் சொல்லிச் சேந்தது உம் பொண்ணு. ஊரெல்லாம் பேனர் வெச்சது உம் புருஷன். இப்ப எம் பொண்ணு வேலைக்கும் உல வெச்சிட்டீங்களே!” குழாயடியில் நின்றிருந்த எல்லோரும் கேட்டார்கள். இந்திராணி வெறும் குடத்தோடு வீட்டுக்கு வந்து ராமராஜனிடம் சொன்னாள். அவர் மகளைப் பார்த்தார். “அப்ப லேப்பு?” என்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

மறுநாள் காலையில் அவர் வேலைக்குத்தான் போனார் என்று நினைத்திருந்தார்கள். பதினொரு மணிவாக்கில் திரிஷாவிடமிருந்து போன் வந்தது.

“உங்கப்பா கம்பெனி கேட்ல நின்னுக்கினு இருக்காரு. செக்யூரிட்டி தள்றான், போக மாட்றாரு. பாக்க முடிலடி. வந்து கூட்டினு போ.”

இரண்டு பஸ் மாறி சுகாசினி போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. ராமராஜன் அந்த வெள்ளைச் சட்டையில் இருந்தார். முதுகு முழுக்க நனைந்திருந்தது. சாப்பாட்டுக்காக வெளியே வந்த இளங்கோவனை மறித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

“அது சும்மா போட்டது சார். வாடகைக்கு அங்கி வாங்கி போட்டோ புடிச்சோம். பொண்ணு அவ்ளோலாம் படிக்கல சார், ப்ளஸ் டூதான். நான்தான் ஊர்ல ஒரு கெத்துக்காக பொய் சொல்லி பேனர் அடிச்சிட்டேன். தப்பு எம்மேல சார். பொண்ண உள்ள எடுத்துக்கோங்க சார்.”

கை கூப்பியிருந்தார். எந்த மேடைக்குக் கீழே நின்றபோதும் அவர் அப்படிக் கை கூப்பி அவள் பார்த்ததில்லை.

“அப்பா, வாப்பா போலாம்.”

“நீ சும்மா இரு. சார்கிட்ட பேசிக்கினு இருக்கேன்ல.” அவர் திரும்பி அவள் கையைப் பிடித்தார். “இதோ அவளே வந்துட்டா சார், அவளயே கேளுங்க. சொல்லும்மா. காலேஜுக்கே போகலன்னு சொல்லு.”

இளங்கோவன் அவளைப் பார்த்தார். செக்யூரிட்டியும் பார்த்தான். அன்றைக்கு நேர்காணலில் அவ்வளவு சுலபமாக வந்த அதே பொய்தான். அதைச் சொன்னால் ஒருவேளை அவர் கண்டும் காணாமல் விட்டிருக்கலாம், விடாமலும் போயிருக்கலாம். ஆனால் அப்பாவின் கைக்குள் தன் கை இருக்கும்போது அவளுக்கு வாய் வரவில்லை.

“படிச்சேன் சார்” என்றாள். “பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. யூனிவர்சிட்டில மூணாவது. எங்கப்பாதான் படிக்க வெச்சாரு. இப்ப பொய் சொல்றாரு.”

ராமராஜன் அவள் கையை விட்டுவிட்டார். இரண்டடி தள்ளிப் போய், சாலையோரக் கல்லில் உட்கார்ந்துகொண்டார். இளங்கோவன் “வெயில்ல நிக்காதீங்க, கூட்டிட்டுப் போம்மா” என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார்.

திரும்பும் பஸ்ஸில் இருவருக்கும் ஒரே இருக்கை கிடைத்தது. வாலாஜாபாத் வரைக்கும் அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு, திரும்பாமலே கேட்டார்.

“நான் உன்ன படிக்க வெச்சது தப்பாமா?”

இல்லை என்று சொல்லத்தான் அவள் நினைத்தாள். அந்த வெளிர் ரோஜா நிறம், ஆங்கிலத்தில் ஒரு பக்கத்தை முதன்முதலாகத் தடங்கலின்றிப் படித்து முடித்த நாள், பேராசிரியர் அவள் பெயரைச் சொல்லி அழைத்தது, எல்லாம் நினைவுக்கு வந்தன. கூடவே வெறும் குடத்தோடு வந்த அம்மாவின் முகமும், கூப்பிய அந்தக் கைகளும் வந்தன. அவள் வாய் திறப்பதற்குள் காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டு வந்துவிட்டது, இருவரும் இறங்கினார்கள்.

ஃபிளெக்ஸை அவரே அவிழ்த்து எடுத்துவிட்டார். சுகாசினி பாலுச்செட்டிசத்திரத்தில் பி.எட். கேட்காத ஒரு சின்னத் தனியார் பள்ளியில் அறிவியல் டீச்சராகச் சேர்ந்தாள். சம்பளம் கம்பெனியில் வாங்கியதில் பாதிகூட இல்லை. பி.எட். எப்போதாவது படிக்கலாம் என்று இருந்தாள். திரிஷாவின் வேலை போகவில்லை. காலையில் ஒரே பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது, “பஸ் போயிட்ச்சா?” என்று கேட்டுக்கொள்வார்கள். அதற்குமேல் பேச்சு இல்லை.

ஒரு மாதம் கழித்து, ராமராஜன் வாசலில் உட்கார்ந்து பழைய வயர்களைப் பிரித்துக்கொண்டிருந்தபோது சுகாசினி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“அப்பா, அன்னிக்கு பஸ்ல கேட்டியே. தப்பில்லப்பா. எனக்கு அந்தப் படிப்பு புடிச்சிருந்துது. இன்னமும் புடிச்சிருக்குது.”

அவர் கையில் இருந்த முடிச்சை அவிழ்த்து முடித்தார்.

“உனக்கு தப்பில்லம்மா” என்றார். “எனக்குத்தான் ஆச ஜாஸ்தியாயிட்ச்சு.”

வயரைச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். உத்திரமேரூர் பக்கம் ஏதோ கல்யாணம். அன்றைக்கும் சரி, அதற்குப் பிறகும் சரி, தன் மகள் என்ன படித்திருக்கிறாள் என்று அவர் யாரிடமும் சொல்லி சுகாசினி கேட்டதில்லை.