இடது முன்னங்கால்

"இது யாருகிட்ட இருந்தா நல்லா இருக்கும்? நீ சொல்லு பாப்பா."

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். என்னிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் முதல் வரியிலேயே திக்கிவிடுவேன். அதற்குப் பயந்தே ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டேன். இப்போது சித்தியின் கடையில் நாய்களைக் குளிப்பாட்டி முடி வெட்டுகிறேன். நாய்கள் வாசிக்கச் சொல்வதில்லை.

'இது' என்று அவர் சொன்னது மேசைமேல் நின்ற வெள்ளை நாயை. அதன் அம்மா பூடில் இனம், அப்பா ஸ்பானியல் இனம். ஐந்து கிலோகூட இல்லை. முடி அவ்வளவாக உதிராது. ஆனால் வளர்ந்துகொண்டே இருக்கும். நான்கு நாள் சீவாமல் விட்டால் காதுக்குப் பின்னால் கம்பளித் துண்டு போலச் சிக்கு விழுந்துவிடும். தொங்குகிற காதுக்குள் ஈரம் நின்றால் புண்ணாகும். நகம் வெட்டு, காதைத் துடை, பல்லைத் தேய், எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளும், தனியாக இருப்பதைத் தவிர. துண்டு எடுக்க நான் நாலடி போனால்கூடக் கழுத்தை நீட்டி எட்டிப் பார்க்கும்.

அவர் அதைப் பஞ்சு என்று கூப்பிடுவார். அவரைவிட்டுப் பிரிந்துபோன அவர் மனைவியை நான் தையல்காரக்கா என்பேன்; அந்த அக்கா அதைப் பொத்தான் என்று கூப்பிடுவார். இரண்டு பேருக்கும் வாலாட்டும். "ரெட்டைப் பேர்க்காரி, நீயாவது ரெண்டு பேரோடயும் பேசுறியே!" என்பாள் சித்தி. இரண்டு வாரம் அவர் வீடு, இரண்டு வாரம் அக்கா வீடு. கைமாறுவது எங்கள் கடையில். காலையில் ஒருவர் விட்டுப் போவார், மாலையில் மற்றவர் வந்து தூக்கிப் போவார்.

இனி அது நடக்காது. அக்கா தன் தங்கையோடு வெளியூருக்குக் குடிபோகிறார். நாய் ஒரு வீட்டில்தான் இருந்தாக வேண்டும்.

"ரெண்டு பேரும் உன்னைத்தான் சொன்னோம். இத்தனை வருஷத்துல நாங்க ஒத்துப்போன ஒரே விஷயம் நீதான்" என்று சிரித்தார்.

"இவகிட்ட பதில் வாங்குறதுக்குள்ள நாய்க்குப் பேரன் பொறந்துடுவான் சார்" என்றாள் சித்தி.

"பரவால்ல, ஆறு மணி வரைக்கும் யோசிக்கட்டும். பாப்பா, அந்த இடது முன்னங்கால்ல ரோட்டு மண்ணு ஏறியிருக்கு. நல்லாத் தேய்ச்சு விட்டுடு. வரேன் பாப்பா."

ஒவ்வொரு முறையும் அவர் அதைத்தான் சொல்வார். நானும் தேய்ப்பேன்.

அது மண் இல்லை. துண்டு அலமாரிக்கு அடியில் நான் ஒளித்து வைத்திருக்கும் நோட்டில் எட்டு மாதமாக ஒரே வரி திரும்பத் திரும்ப வருகிறது: அவர் வீட்டிலிருந்து வந்தால் இடது முன்னங்கால் செம்பழுப்பு, அக்கா வீட்டிலிருந்து வந்தால் பால் வெள்ளை. எச்சில் பட்டுப் பட்டு ஏறுகிற நிறம் அது. கால்நடை மருத்துவர் வந்தபோது காட்டினேன். விரல் இடுக்கெல்லாம் பார்த்துவிட்டு, "தோல்ல ஒண்ணுமில்ல. பொழுது போகாம நக்குது" என்றார். அக்காவின் தையல் மிஷின் வீட்டுக்குள்ளேயே ஓடுகிறது; நாய் தனியாக இருப்பதில்லை. கண்ணாடிக் கடைக்காரர் ஒன்பது மணிக்குக் கடை திறந்தால் வீடு திரும்ப இரவாகிவிடும்.

நான் மாதாமாதம் அந்தக் காலைத் தேய்த்து வெளுத்துக் கொடுத்தேன். அக்கா அந்தப் பழுப்பைக் கண்ணால் பார்த்ததே இல்லை. அவரும் மண் என்றே நம்பிக்கொண்டிருந்தார்.

சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் மேல் எனக்குப் பிரியம். என் பார்வையைச் சோதித்து, நான் போட்டிருக்கும் கண்ணாடியைச் செய்து கொடுத்தவர் அவர்தான். அதைப் போட்ட பிறகுதான் அந்தக் காலின் நிறமே எனக்குத் தெரிந்தது.

அன்று நாயைக் குளிப்பாட்டினேன். சிக்கெடுத்தேன், காதைத் துடைத்தேன், உலர்த்தினேன். இடது முன்னங்காலில் மட்டும் தண்ணீரோடு நிறுத்திக்கொண்டேன், தேய்க்கவில்லை.

ஆறு மணிக்கு அவர்தான் முதலில் வந்தார்.

"என்ன பாப்பா, ஒரு கால மறந்துட்டியே?"

"ஏய், என்னடி இது? மூணு காலுக்குத்தான் சோப்பு இருந்துச்சா?" என்று சித்தி ஓடி வந்தாள்.

"மண்ணு இல்ல சார்." என் குரல் எனக்கே யாரோ பேசுவது போலக் கேட்டது. "எச்சில். தனியா இருக்குறப்ப நக்கிக்கிட்டே இருக்கு. அக்கா வீட்ல இருந்து வந்தா வெள்ளையா இருக்கும்."



அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அந்தப் பாதத்தைக் கண்ணருகில் கொண்டுபோய், ஒவ்வொரு விரலாகப் பிரித்துப் பார்த்தார். நாய் அவர் காதை நக்கியது. "தினமும் சாயங்காலம் கதவுகிட்டயே உக்காந்திருக்கும்" என்றார். "எனக்காக ஆசையா காத்திருக்குன்னு நெனச்சேன்."

"ஆசையாத்தான் சார் காத்திருக்கும்" என்றேன். அதுவும் நிஜம்தான்.

அக்கா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். "பொத்தான்!" என்றவரின் குரல் அந்தக் காலைப் பார்த்ததும் நின்றுவிட்டது. காலைப் பார்த்தார், கடைக்காரரின் முகத்தைப் பார்த்தார். கையிலிருந்த கூடையைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பழுப்பை விரலால் தொட்டார்.

கடைக்காரர் தன் பையிலிருந்து, எந்தப் பதில் வந்தாலும் இருக்கட்டும் என்று கொண்டுவந்திருந்த தன் பழைய சட்டை ஒன்றை எடுத்தார். முடி ஒட்டிய, நடுவில் பள்ளம் விழுந்த சட்டை. அதன் மேல்தான் நாய் தூங்குமாம். அதை நாலாக மடித்து அக்காவின் கூடைக்குள் வைத்தார். நாயைத் தூக்கி அக்கா கையில் கொடுத்தார். அக்கா வாங்கிக்கொண்டார். அது இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து வாலாட்டியது.

அவர் எப்போதும் "வரேன் பாப்பா" என்பார். அன்று என் தலையில் ஒரு நொடி கையை வைத்தார். பிறகு கண்ணாடிக் கதவைச் சத்தம் வராமல் சாத்திவிட்டுப் போனார்.