கண்ணாடி நெற்றிக்கு ஏறினால் சரி

தங்கச்சாமி முதலாளிக்கு வாய் இருப்பது சாப்பிடவும் திட்டவும் மட்டும்தான். திருத்தங்கலில் அவருடைய அச்சகத்தில் வேலை பார்க்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். காலண்டர் ஷீட்டை நீட்டினால் ஒரு வார்த்தை வராது. மூக்குக்கண்ணாடி நெற்றிக்கு ஏறினால் சரி, மெஷினில் ஓட்டலாம். கழற்றிக் கையில் பிடித்தால் கலர் சரியில்லை, திருத்த வேண்டும். கலர் பார்க்கும் ஞானபூரணி பதினோரு வருஷமாக அந்தக் கண்ணாடியைப் படித்தே காலத்தை ஓட்டினாள்.

போன சீசனில் ஒரு முருகன் படம். முகத்தில் லேசாகப் பச்சை தட்டுவது அவளுக்கே தெரிந்தது. ஆனால் கண்ணாடி நெற்றிக்கு ஏறிவிட்டதே! முதலாளிக்குத் தெரியாததா என்று ஓட்டச் சொல்லிவிட்டாள். நாலாயிரம் ஷீட் குப்பைக்குப் போனது.

"நான் வாயத் தொறந்து சரின்னு சொன்னேனா? உனக்குச் சுயமா முடிவெடுக்கத் தெரியாதும்மா" என்று எல்லோர் முன்னாலும் கத்தினார். பாவம் ஓரிடம், பழி ஓரிடம். அவளுக்கு வரவேண்டிய சூப்பர்வைசர் வேலையும் அந்த ஒரு வார்த்தையில் கைநழுவியது. திங்கட்கிழமை முதல் முதலாளியின் அக்கா மகன் ஹரிபிரசாத் அந்த நாற்காலியில் உட்காரப்போகிறான். மெஜந்தாவுக்கும் சிவப்புக்கும் வித்தியாசம் தெரியாத பிள்ளை.

இன்றைக்கு இருக்கன்குடி அம்மன் படம். முதலாளி போன வாரம்தான் மதுரையில் கண்புரை எடுத்துவிட்டு வந்திருந்தார். மூக்கில் கண்ணாடியே இல்லை. ஷீட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி ஷீட்டைப் பார்த்தார்.

"சரியா மொதலாளி?"

அவர் ஷீட்டை விட்டுவிட்டு அவள் முகத்தையே உற்றுப் பார்த்தார்.

"யக்கா, மெஷின் சும்மா நிக்குது. சாயங்காலம் லோடு ஏத்தணும்" என்று மெஷின்காரன் பெத்தணன் குரல் கொடுத்தான்.

பூரணிக்குப் பொறுமை போய்விட்டது. "வாயில என்ன கொழுக்கட்டையா மொதலாளி? கண்ணாடியும் இல்ல, நான் எதப் பாத்துத் தெரிஞ்சுக்கிறது?"

முதலாளி திகைத்துப்போனார். "நீ என் கண்ணாடியவா பாத்துக்கிட்டு இருந்த? நான் உன் மூஞ்சியத்தான பாத்துக்கிட்டு இருந்தேன்! அரிசி மண்டியில வளந்தவனுக்குக் கலரப் பத்தி என்னம்மா தெரியும்? உன் மூஞ்சி தெளிவா இருந்தா கண்ணாடிய ஏத்துவேன், சுண்டுனா கழட்டிருவேன். அந்த முருகன் அன்னைக்கும் உன் மூஞ்சி பளிச்சுன்னுதான இருந்துச்சு!"

இருக்காதா? அன்றைக்குத்தான் அவள் மகள் ஜெனிட்டாவுக்கு நர்சிங் காலேஜில் இடம் கிடைத்திருந்தது.

"இன்னைக்குக் காலையிலேருந்து உர்ருன்னு இருக்க. அது ஷீட்டுக்கா எனக்கான்னு வெளங்கல" என்றார்.

அப்படியானால் பதினோரு வருஷமாக இங்கே ஓடிய ஒவ்வொரு காலண்டரும் அவள் எடுத்த முடிவு. அவள் முகத்தைப் பார்த்தே தொழில் நடத்திவிட்டு, அவளுக்கே முடிவெடுக்கத் தெரியாது என்று சொல்ல இந்த மனுஷனுக்கு எப்படி வாய் வந்தது?

முதலாளி ஷீட்டை மடியில் வைத்துக்கொண்டு மறுபடி அவள் முகத்தைப் பார்த்தார். பூரணி முந்தானையை இழுத்து முகத்தை முழுசாக மூடிக்கொண்டாள்.

"இப்பச் சொல்லுங்க மொதலாளி. ஓட்டலாமா, வேண்டாமா?"

அவர் அம்மனை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார், தள்ளி வைத்துப் பார்த்தார், தலைகீழாகக்கூடத் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்மா பூரணி, அந்த முந்தானைய எடும்மா."

"திங்கக்கெழம சூப்பர்வைசர் யாருன்னு சொல்லுங்க. எடுக்குறேன்."