பார்த்துக்கலாமுக்கு நாலு நல்ல வார்த்தை

…பொறுமைசாலி என்று போடலாமா, போடலாம், பொய்யில்லையே, போன மாதம் லிஃப்டில் மாட்டிக்கொண்ட ஒரு அம்மாள் போனில் அலற அலற, இவன் பிஸ்கட்டை டீயில் நனைத்து, அது உடைந்து விழாமல் வாயில் சேர்த்த பிறகுதான் "எந்த மாடிம்மா?" என்று கேட்டான், அந்தப் பொறுமை யாருக்கு வரும்... "நெருக்கடியிலும் நிதானம் இழக்காதவர்." தட்டிவிட்டேன், என் கையாலேயே. லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில் புகார்ப் பிரிவுக்கு நானும் அவனும் இரண்டே பேர், எதைச் சொன்னாலும் "பார்த்துக்கலாம்க்கா" என்பான், அதனால் எனக்கு அவன் பெயரே பார்த்துக்கலாம், ஆனால் அவன் பார்த்துக்கொள்வதாகச் சொன்னதையெல்லாம் கடைசியில் பார்த்தது நான்தான். இப்போது வேறொரு லிஃப்ட் கம்பெனிக்கு மனுப் போட்டிருக்கிறான், உத்தியோகக்காரர்கள் தங்களைப் பற்றிப் போட்டுக்கொள்ளும் வலைத்தளத்தில் அவன் பக்கத்தை அவர்கள் திறந்து பார்ப்பார்களாம், கூட வேலை செய்தவர்கள் நாலு நல்ல வார்த்தை எழுதியிருக்க வேண்டுமாம். நாலென்ன, நாற்பது எழுதுகிறேன், போய்த் தொலையட்டும். இனிமேல் இந்தப் பிரிவுக்கு ஒரே ஆள் போதும் என்று மேலிடத்தில் பேச்சு, இவனாகக் கிளம்பினால் நாற்காலி எனக்கு, இல்லையென்றால் இந்த வயதில் நான் என் மகள் வயதுப் பெண் ஒருத்தி முன்னால் உட்கார்ந்து என் பலம் என்ன, பலவீனம் என்ன என்று ஒப்பிக்க வேண்டும்... சீ.

அந்தத் தளத்தைத் திறந்தாலே குமட்டுகிறது, அங்கே ஒரு சோம்பேறி கிடையாது, ஒரு கோள்சொல்லி கிடையாது, மேசையிலேயே குறட்டை விடுகிற எங்கள் கணக்குப் பிரிவு ஆசாமிகூட அங்கே 'தொலைநோக்குச் சிந்தனையாளர்', இவன் அவனைப் புகழ, அவன் இவனைப் புகழ, முதுகு சொறிந்துகொள்ள ஒரு சந்தை. ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் பண்ணலாமாம், ஓர் ஆளைக் கிளப்பப் பத்துப் பொய் சொல்லக் கூடாதா? காலையில் என் வீட்டுக்காரர் சிரித்தார், "வேண்டாத ஆளுக்கா இவ்வளவு பாராட்டு?" வேண்டாதவனுக்குத்தான் பாராட்டு, வேண்டியவனை எவன் இன்னொருத்தனுக்குத் தூக்கிக் கொடுப்பான், இதுகூடப் புரியாத மனுஷன். "குழுவின் உயிர்நாடி" என்று முடித்து, கூசாமல் அனுப்பினேன்.

எதிர் மேசையில் அவன் போன் முனகியது. படித்தான், மறுபடியும் படித்தான், கண் கலங்கிவிட்டது முட்டாளுக்கு. "என்னைப் பத்தி யாருமே இப்படிச் சொன்னதில்லக்கா..." எனக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாகிவிட்டது. "மேனேஜர் சார்கிட்டயும் கேட்டேன், நேரமில்லன்னுட்டார். உங்களுக்கு மட்டும் எவ்ளோ நீளமா எழுதியிருக்கார்! குடுத்து வச்சவங்கக்கா நீங்க." எனக்கா? என் பக்கத்தைத் திறந்தேன், ஆமாம், நேற்று எழுதியிருக்கிறார், 'எந்த நிறுவனத்துக்கும் கிடைத்தற்கரிய சொத்து', 'எங்கே சென்றாலும் ஒளிர்வார்'... இத்தனை வருஷத்தில் என்னை நிமிர்ந்து பார்த்து ஒரு 'சரி' சொல்லாத மனிதர், மனசுக்குள் இவ்வளவு வைத்திருந்தாரா, பார்த்தாயா, உழைப்பு வீண் போகாது, இதை வீட்டுக்காரருக்குக் காட்ட வேண்டும், இந்தப் பார்த்துக்கலாமுக்கு நேரமில்லை என்றவர் எனக்கு மட்டும்...

"நீங்க கேட்டதும் எழுதிக் குடுத்துட்டாராக்கா?"

கேட்டதுமா... நான் அவரிடம் கேட்கவே இல்லையே.