மூக்கு கனத்த விமானம்

ஒன்பது வருடமாக எங்கள் கார் மழையில் நிற்கிறது. ஷெட்டுக்குள் என் வீட்டுக்காரர் விமானம் கட்டிக்கொண்டிருந்தார். ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு இருக்கை, ஒரு இன்ஜின், தலைகால் புரியாத பெருமை. போன வாரம் அது பறந்தே விட்டது. இறங்கும்போதுதான் வில்லங்கம்.

"மூக்கு கீழயே போகுது. ரெண்டு கையாலயும் இழுத்தேன்," என்றார். முகத்தில் ஈயாடவில்லை.

"அதுக்குத்தானே ட்ரிம்னு ஒண்ணு வச்சிருக்கீங்க?"

ட்ரிம் என்பது வாலில் ஒரு சின்னத் தகடு. அதைத் திருகிவிட்டால், மூக்கை ஏற்றி இறக்குகிற ஸ்டிக்கை இழுத்துப் பிடிக்கிற பாரம் கைக்கு வராது. ஒன்பது வருடம் கேட்டுக் கேட்டு எனக்கும் மனப்பாடம்.

"கடைசிவரைக்கும் திருகிட்டேன். பத்தல."

அடுத்த தடவை இழுத்தும் மூக்கு தூக்காவிட்டால் இந்த மனுஷன் முழுசாக வீடு வந்து சேரமாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஆலோசகர்கள் வந்து இறங்கினார்கள். இருவரும் ஆளுக்கொரு விமானம் கட்டியவர்கள். ஒருவர் ரிட்டயர்டு பேங்க் மேனேஜர். தன்னைத் தானே கேப்டன் என்று சொல்லிக்கொள்வார். ஸ்டிக்கிலிருந்து வாலுக்குப் போகிற கேபிளின் இறுக்கம்தான் காரணம் என்றார். இன்னொருவர் பல் டாக்டர். வால் தகட்டின் கீல் உராய்கிறது என்று, கடைவாய்ப் பல் பார்க்கிற கண்ணாடியை விட்டுக் கீலைப் பார்த்தார். தகட்டைப் பெரிதாக்கலாம் என்றார் என் வீட்டுக்காரர். ஸ்டிக்கில் ஸ்பிரிங் தராசைக் கட்டி இழுத்தார்கள். கீலுக்கு எண்ணெய் போட்டார்கள். கேபிளைத் தளர்த்தி, மறுபடி இறுக்கினார்கள். மூன்று தடவை டீ கேட்டார்கள்.

மூன்றாவது டீயைக் கொடுத்த கையோடு விமானத்தின் எடைத்தாளை எடுத்துப் பார்த்தேன். சக்கரத்துக்கு ஒரு தராசு வைத்து எடுத்த எடை. பெயின்ட் மட்டும் நாலு கிலோ முந்நூற்றைம்பது கிராமாம். அதற்குக் கீழே: 'முன்சீட்டு, விமானி, அறுபத்தெட்டு கிலோ.'

"ஏங்க, யாரு இது?"

"நான்தான்."

"எப்போ?"

கொஞ்சம் யோசித்தார். "வேலைல சேரும்போது மெடிக்கல்ல பாத்தது."

வீட்டுக்குள் போய் எடை பார்க்கும் மெஷினைக் கொண்டுவந்து அவர் காலடியில் போட்டேன். ஏறினார். தொண்ணூற்று மூன்று. இருபத்தைந்து கிலோ முன்சீட்டில் சொல்லாமல் கொள்ளாமல் உட்கார்ந்திருக்கிறது. மூக்கு கீழே போகாமல் என்ன செய்யும்? ஆலோசகர்கள் இருவரும் தொந்தியை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். அவர்கள் தாளிலும் இதே லட்சணம்தான் போலிருக்கிறது.

"பின்சீட்ல ஒரு ஆள் உக்காந்தா சரியாப் போயிடும்மா," என்று சமாளித்தார் கேப்டன்.

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். "நீ வர்றியா?"

ஒன்பது வருடத்தில் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். தலையாட்டினேன். உடனே 'பின்சீட்டு, ஐம்பத்தெட்டு' என்று எழுதினார். கட்டிய புருஷன் உட்பட எல்லோரிடமும் நான் சொல்லி வைத்திருக்கும் எண் அது.

"அதுக்கு மேல ஒரு இருபது கிலோ கூடினா என்ன ஆகும்?" என்றேன், யாருக்கோ கேட்பதுபோல.

"வால் கனத்துடும் அண்ணி," என்றார் பல் டாக்டர். "ஸ்டிக் லேசாயிடும். மூக்கு மேல தூக்கிடுச்சின்னா திரும்ப இறக்க முடியாது. இப்ப வெறும் கைவலியோட போச்சு. அது ஆளையே முடிச்சிடும்."

மூன்று ஆண்களும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

"அதை அடிச்சிட்டு எழுதுங்க," என்றேன். "எழுபத்தொன்பது."