இடது முன்சக்கரம்

ஜாக்கியின் மேல் வேன் ஒரு பக்கமாக எழும்பியதும் அவன் இடது முன்சக்கரத்தை இரண்டு கைகளாலும் பிடித்துத் திருப்பினான். அசைந்தால்தானே! சந்து முனையில் அமரர் ஊர்தி காத்து நின்றது. அது வீட்டு வாசலுக்கு வர வேண்டுமானால், சந்தை அடைத்துக்கொண்டு நிற்கும் இந்த வேன் நகர வேண்டும். வேன், இன்று விடிகாலையில் இறந்துபோன அத்தானுடையது. நகர்த்த வேண்டியவன் அவருடைய மச்சான். தொழில் மெக்கானிக். பத்து நாளைக்கு முன் இதே சக்கரத்தின் பிரேக்கைச் சரிசெய்து கொடுத்த மகராசனும் அவனேதான்.

"நாலு பேரு சேந்து தள்ளுனா வேலை முடிஞ்சுதே தம்பி," என்றார் ஊர்தி ஓட்டி வந்தவர்.

"தள்ளிப் பாத்தாச்சுங்க. சக்கரம் சுத்தல, ரோட்டத் தேச்சுக்கிட்டு நிக்குது."

"ஹேண்ட் பிரேக்க எடுத்து விட்டீங்களா?"

எடுத்துத்தான் இருந்தது. அதை அவன் மூன்று தரம் பார்த்துவிட்டான். ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களைத்தான் பிடிக்கும் என்று தெரிந்தே பார்த்தான். அது மட்டும் போட்டிருந்தால் எவ்வளவு நிம்மதி! வலி தாங்காமல் அத்தானே வண்டியை நிறுத்தினார் என்று ஆகியிருக்கும். துக்கம் கேட்க வந்தவர்கள் காலையிலிருந்து அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டே அக்காவையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாராம். கேட்டைத் தாண்டி இருபதடி போனதும் முடியாமல் நிறுத்திவிட்டாராம். அக்காவுக்கு ஓட்டத் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து காரை எடுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரி என்னவோ பத்து நிமிஷத் தூரம்தான்.

மனுஷன் வண்டியை நிறுத்தினாரா, வண்டி மனுஷனை நிறுத்தியதா? வந்து சக்கரத்தைத் தொட்டதிலிருந்து அவனுக்கு இந்த ஒரு கேள்விதான்.

பத்து நாளைக்கு முன் அத்தான் ஷெட்டுக்கு வந்து, "மாப்ள, வண்டி இடது பக்கமா இழுக்குது. சக்கரத்துல கை வெச்சா சுடுது," என்றார். அவன் கழற்றிப் பார்த்தான். பிரேக் பேடை டிஸ்க்கோடு அழுத்திப் பிடிக்கிற காலிப்பருக்குள் பிஸ்டன் துருவேறி இறுகிக் கிடந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புது சீல் மாற்றி, புது பேடும் போட்டுக் கொடுத்தான். மூன்றாம் நாள் அத்தான் திரும்ப வந்தார்.

"கெட்டிக்காரன் புளுகாச்சும் எட்டு நாளைக்கு வரும். உன் ரிப்பேரு மூணு நாள் கூட வரலியேடா."

"புது பேடு அத்தான், பழக வேண்டாமா? ஓட்டுங்க, சரியாயிடும்."

அப்போது அவன் வேறொரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தான். எழுந்து வர அலுப்பு. அத்தானும் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

இப்போது சக்கரத்தைக் கழற்றி ஓரமாகச் சாத்தினான். காலிப்பரின் தலையில், உள்ளே தேங்கிய பிரேக் ஆயிலைத் திறந்துவிடுகிற சின்ன நிப்பிளில் ஸ்பேனரை மாட்டினான். அதைத் திறந்தால் தெரிந்துவிடும். திறந்த பிறகும் டிஸ்க் இறுகியே இருந்தால் பிஸ்டன்தான் மறுபடி மாட்டிக்கொண்டது. பழைய சாமான், யார் என்ன செய்ய முடியும்? டிஸ்க் விட்டுக்கொடுத்தால் கோளாறு வேறு இடத்தில். கடவுளே, பிஸ்டனாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டான். மெக்கானிக் வேலைக்கு வந்து இருபது வருஷத்தில் ஒரு பழுதுக்காக அவன் வேண்டியது இதுதான் முதல் தடவை.

கால் சுற்றுத் திறந்தான். பிரேக் ஆயில் பீய்ச்சி அவன் மணிக்கட்டில் அடித்தது. டிஸ்க்கைத் தொட்டதும் ஒற்றை விரலுக்குச் சுழன்றது.

அப்படியானால் ஹோஸ். பிரேக்கிலிருந்து காலை எடுத்த பிறகும் ஆயில் திரும்பிப் போக வழியில்லாமல் அந்த ரப்பர்க் குழாய் உள்ளுக்குள்ளேயே கிழிந்து அடைத்திருக்கிறது. வெளியே ஒரு கீறல் கிடையாது. ஏன் கிழிந்தது என்று அவன் யோசிக்கவே தேவையில்லை. காலிப்பரைக் கழற்றினால் கம்பியில் கட்டித்தான் தொங்கவிட வேண்டும். ஹோஸிலேயே தொங்கவிடாதே என்று எத்தனை பேரைத் திட்டியிருக்கிறான்! அன்றைக்குக் கம்பி கைக்கு அகப்படவில்லை. போன் வேறு அடித்தது. சொந்தக்காரர் வண்டிதானே, பார்த்துக்கொள்ளலாம் என்று அப்படியே தொங்கவிட்டுவிட்டுப் போய் அரை மணி நேரம் பேசினான். மூன்று கிலோ இரும்பு அவ்வளவு நேரமும் அந்தப் பழைய ரப்பரில் தொங்கியது.

ஐயோ, நான்தான், நான்தான் என்று உள்ளே கிடந்து அடித்துக்கொண்டது.

"என்னடா, ஆச்சா?"

அக்கா கேட்டுக்கு வெளியே வந்திருந்தாள். உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். அவள் திரும்பவில்லை. அவன் பக்கத்தில் வெயிலிலேயே குந்தினாள்.

ஆச்சுக்கா என்று சொல்லிவிடலாம். ஒரு ஈ காக்கைக்குத் தெரியப்போவதில்லை. ஊர்தி ஓட்டி வந்தவர்கூடத் தள்ளிப் போய் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார்.

"அக்கா, அத்தான் வண்டிய நிறுத்தல. வண்டிதான் நின்னு போச்சு," என்றான். "நான் கெடுத்ததுதான் இது. அவரு மறுபடி வந்து சொன்னாரு. நான் எந்திரிச்சுக்கூடப் பாக்கல."

அக்கா டிஸ்க்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆக்சிலேட்டர மிதிச்சு மிதிச்சுப் பாத்தாரு," என்றாள். "உறுமுச்சு, நகரல. உன் தம்பியக் கூப்பிடு, அவன் வந்தா ஒரு நிமிஷத்துல எடுத்துடுவான்னாரு. அதான் கடைசியாப் பேசுனது."

"அப்ப வண்டிதான்னு உனக்குத் தெரியுமா?"

"பக்கத்துலதானடா உக்காந்திருந்தேன்."

"யார்ட்டயும் சொல்லலியேக்கா."

அவன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே போட்டான்.

"என்னை அடிச்சுடுக்கா."

அக்காவின் கை எழவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தாள்.

"இப்ப ஓடுமா?"

"ஹோஸ நசுக்கி அடைச்சுட்டா ஓடும். இந்தச் சக்கரத்துல பிரேக் இருக்காது, மத்த மூணும் பிடிக்கும். மெதுவாத்தான் போகணும்."

"மெதுவாவே போவோம். அந்த வண்டிய அனுப்பிச்சுடு. அவர இதுலயே கொண்டு போகலாம், நீயே ஓட்டு."

அவன் நிப்பிளை மூடினான். ஹோஸைக் குறட்டால் நசுக்கிப் பிடித்து, குறடு நழுவாமல் கம்பியால் இறுக்கிக் கட்டினான். சக்கரத்தை மாட்டி வேனை இறக்கினான். நான்கு பேர் அத்தானைத் தூக்கி வந்து பின்னால் கிடத்தினார்கள். அக்கா முன்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பின்னால் நடந்து வருகிறவர்களின் வேகத்துக்கு வேன் நகர்ந்தது. பிரேக்கில் கால் வைக்கவே அவனுக்குக் கூசியது. அக்கா ஏதாவது சொல்வாள், திட்டவாவது செய்வாள் என்று ஒவ்வொரு வீடு தாண்டும்போதும் காத்திருந்தான். அவள் ஒரு கையைப் பின்னால் நீட்டி, குலுக்கலில் அவர் நகர்ந்துவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அடுத்ததுல வலது பக்கம் திரும்பணும்," என்றாள், அவன் பிறந்து வளர்ந்த தெருவில்.

"சரிக்கா," என்று அவன் திருப்பினான்.